மூன்றாவது வயருக்கு ஒரு மஞ்சள் கோடு

டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றியதும் முதலில் வந்தது உன் வாசனை. பூவும் இல்லை, பவுடரும் இல்லை. கறுப்புத் துணி டேப்பின் பசை வாசனை. இருபது வருஷம் வயர் கம்பெனியிலிருந்து நீ வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதான். எந்த சோப்பு போட்டாலும் விரல் நுனியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வெயிலில் நின்ற வண்டிக்குள் அது சூடாக எழுந்து முகத்தில் அடித்தது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில், உன் சீட்டில், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இவன் எதற்கு ஸ்க்ரூடிரைவர் பிடித்தான் என்று கேட்பாய். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் மிக்ஸி பிளக்கைக்கூட நீதானே மாற்றினாய். "குத்தம் கண்டுபுடிக்க சம்பளம் வாங்கற ஆளு. ஒரு நட்டு திருப்பத் தெரியாது" என்று உன் அண்ணனிடம் சொல்வாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பொய் இல்லையே. ஒரகடத்தில் வண்டி செய்யும் கம்பெனியில் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிறவன் நான். லைனிலிருந்து இறங்கி வரும் வண்டியைக் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பேன். குறை இருந்தால் எழுதுவேன். இல்லாவிட்டால் போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து அனுப்புவேன். சரிசெய்வது வேறு ஆளின் வேலை. இத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து எலும்பு தேய்ந்து, இப்போது என்னால் முழுசாகத் திரும்பிப் பார்க்க முடிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கு நம் ஜீப்பை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துப்போக ஷோரூமிலிருந்து ஆள் வருவதாக ஏற்பாடு. இதைக் கொடுத்துவிட்டு, எல்லா வசதியும் கம்பெனியிலேயே பூட்டி வரும் டாப் எண்ட் எடுப்பது. ஆமாம், அதே டாப் எண்ட்தான். சிரிக்காதே. போன வாரம் பார்க்க வந்தவர் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், உள்ள பூரா வெளி வயரிங்கா கீது? இத்த எட்த்துட்டு கம்பெனி கண்டிஷன்ல குடுங்க, அப்பதான் எட்ப்பாங்க" என்றார். மெக்கானிக்கை விட்டு அதை அறுத்தெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீ கட்டியதை நானே அவிழ்த்து ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாம் போட்ட சண்டை ஞாபகம் வருகிறது. சண்டை என்றால் குரல் உயர்ந்த சண்டை இல்லை. குன்றத்தூர் வீட்டு மொட்டை மாடியில் நீ துணி உதறிக் காயப்போட, நான் கிளிப் எடுத்துக் கொடுக்க, மூன்று மாதம் நடந்த சண்டை. ஜீப் வாங்குவதில் ரெண்டு பேருக்கும் ஒரே மனசு. உனக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ், எனக்கு ஒரகடம் பஸ். ஆளுக்கு ஒரு கம்பெனி பஸ்ஸில் அதே ரோட்டில் பாதி ஆயுசு போய்விட்டது. "கம்பெனி பஸ்ஸு போவாத எடத்துக்குப் போவணும்யா" என்றாய். அதற்கு மேல் ஒரு காரணமும் நீ சொல்லவில்லை. எனக்கும் வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

எந்த ஜீப் என்பதில்தான் தகராறு. எனக்கு டாப் எண்ட். கம்பெனியில் பூட்டி, நான் பார்த்து, கோடு போட்டு வெளியே அனுப்புகிற சாமான் மேல் எனக்கு நம்பிக்கை. வெளியில் பூட்டுகிற எதன் மேலும் சந்தேகம். உனக்கு பேஸ் மாடல். "டாப் எண்டுல பளபளான்னு வீலு குடுப்பான். மொத கல்லுல அடிச்சா மூஞ்சி போச்சு. நமக்கு வேணும்றத நம்ம ஒண்ணொண்ணா போட்டுக்கலாம். வேணாம்றதுக்கு எதுக்கு இப்பவே தண்டம் அழுவணும்?"

"பின் ஆக்சில் லாக்கு பேஸ்ல கெடையாது. சேத்துல ஒரு சக்கரம் மட்டும் சுத்திக்கினு நின்னா இன்னா பண்ணுவ? அத்த எந்தக் கடையில வாங்கி மாட்டுவ?" என்றேன்.

நீ ஒரு சட்டையை ரெண்டு தடவை உதறினாய். "அது ஒண்ணு உன் பாயிண்ட்டு. சரி, வெச்சுக்க."

டாப் எண்டுக்குப் பதிவு செய்தேன். மாசக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். ஷோரூம் பின்புறத்தில் ஒரு சாம்பல் நிற பேஸ் மாடல், யாரோ வேண்டாம் என்று விட்டது, தூசி படிந்து நின்றது. பழக்கதோஷம், தரையில் அட்டையைப் போட்டு அதன் அடியில் சரிந்தேன். பின் ஆக்சில் போல்ட்டில் மஞ்சள் கோடு. நுனியில் லேசாக வால் இழுத்த கோடு. அது என் கை. எத்தனையோ வண்டிக்குப் போட்டிருக்கிறேன், ஒன்றைக்கூடத் திரும்பப் பார்த்ததில்லை. வெளியே வந்து உன்னிடம் சொன்னபோது என் குரல் மாறிவிட்டதாம். அதைச் சொல்லிச் சொல்லியே என்னை வருஷக்கணக்கில் கிண்டல் செய்தாய்.

"அப்ப இதான் நம்ம வண்டி" என்றாய். "நீ பாஸ் பண்ண வண்டி. நான் டேப் அடிச்ச வயரு. வேற இன்னாய்யா வேணும்?"

நீ நினைத்ததில் நியாயம் இருந்தது. உன் கம்பெனியில் கட்டுகிற வயர்க்கட்டுதான் எங்கள் வண்டிக்கு வரும். டாப் எண்டுக்கும் பேஸுக்கும் ஒரே கட்டு. பேஸில் வேலையில்லாத வயர்களை மடித்து, டேப் சுற்றி, உள்ளேயே விட்டுவிடுவார்கள். அப்படி மடித்து ஒட்டுவது வருஷக்கணக்கில் உன் வேலை. ஒட்டும்போது டேப்பின் நுனியை உள்பக்கம் மடித்து ஒரு சின்னக் காது வைப்பாய். பிறகு எவராவது பிரிக்க வந்தால் நகம் உடையக் கூடாதாம். அதற்காக சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியும் நீ விடவில்லை. ஆகவே பேஸ் வண்டியாக இருந்தாலும் வயரெல்லாம் உள்ளே தயாராக இருக்கும், பொருளை வாங்கி மாட்டினால் போதும் என்பது உன் கணக்கு.

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். மறுநாள் உன் அண்ணன் போகும் சர்ச்சில் ஃபாதர் வந்து தண்ணீர் தெளித்தார். "ரெண்டு பக்கமும் ஆதரவு வாங்கியாச்சு. இனிமே வண்டி நின்னா அது நம்ம தப்பு" என்றாய்.

அடுத்த ஞாயிறு டேஷ்போர்டைத் திறந்தாய். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினாய். இடது பக்கம், வலது பக்கம், ஸ்டியரிங் அடியில். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கை மட்டும் நின்றுவிட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை. உன்னை வேறு வண்டியின் லைனுக்கு மாற்றிய பிறகு, பேஸ் மாடலுக்கென்று மெல்லிசாகத் தனிக் கட்டு போட ஆரம்பித்திருக்கிறார்கள். அது உனக்குத் தெரியவே தெரியாது. நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "இன்ஸ்பெக்‌ஷன் பண்ணாம வாங்குனா இப்டித்தான்" என்றும் சொன்னேன். ரெண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. அந்த வார்த்தைக்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், கட்டில் மேல் பழைய கதவுப் பலகை கிடந்தது. அதன் மேல் ஜீப்பின் நீள அகலத்தைப் பென்சிலில் வரைந்து, வளைவுக்கு வளைவு ஆணி அடித்திருந்தாய். உன் கம்பெனியில் வயர் கட்டும் போர்டு மாதிரியே ஒன்று, நம் படுக்கையறையில். ஒரு மாதம் நாம் தரையில் படுத்தோம். வேலை விட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம் ஆணி ஆணியாக வயர் ஓட்டி, டேப் சுற்றி, நுனிக்கு நுனி காது வைத்தாய். நம் ஜெனி அப்போது காலேஜ் கடைசி வருஷம். "இந்த வூட்ல வயசுப் பொண்ணுக்கு ஒரு டேபிள் இல்ல, ஜீப்புக்குக் கட்டிலு கீது" என்று முனகினாள். முனகிக்கொண்டே டேப்பைக் கத்தரித்தும் கொடுத்தாள்.

கட்டு முடிந்து வண்டிக்குள் போட்ட அன்று என் சட்டைப் பையிலிருந்து பெயிண்ட் பேனாவை எடுத்து நீட்டினாய். "பாத்து சொல்லு. நல்லா கீதுன்னா மார்க் போடு."

பார்த்தேன். கம்பெனி வயர்க்கட்டில்கூட டேப் அத்தனை ஒரே சீராக வராது. ஆனால் மூன்று வயர்கள் எதிலும் மாட்டாமல், மடித்து ஒட்டிய நிலையில் நின்றன. என்ன என்று கேட்டேன். ஒன்று முன்னால் பனிக்குள் போக மஞ்சு விளக்குக்கு, ஒன்று பின்னால் ஸ்பீக்கருக்கு, வாங்கும்போது மாட்டுவதற்கு என்றாய். மூன்றாவது எதற்கு என்றதற்கு, "அது ஸ்பேரு" என்றாய். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். வேலை முடியாத பாயிண்ட் ஒன்று நின்றாலும் கோடு விழாது. "மூணு பாயிண்ட் ஓப்பனா நிக்குது. மூடிட்டுச் சொல்லு, போடறேன்" என்றேன்.

"போட மாட்டல்ல? வெச்சுக்க உன் கோட்ட" என்று பேனாவை என் பையிலேயே செருகினாய். விளையாட்டுதான். ஆனால் 'நல்லா செஞ்சிருக்கடி' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

பிறகு எல்லாம் உன் வரிசைப்படி வந்தது. "மொதல்ல டயரு, அப்பறம் வயிறு, பாட்டெல்லாம் கடசீல" என்பாய். முதல் வருஷம் சேற்றைக் கவ்வும் பெரிய பட்டன் டயர். அடுத்து, என்ஜினுக்கு அடியில் கல் படாமல் இரும்புத் தகடு. பிறகு மஞ்சு விளக்கு. முதல் வயரின் காதைப் பிடித்து இழுத்துப் பிரித்தாய், மாட்டினாய், எரிந்தது. ஜவ்வாது மலையில் அதிகாலைப் பனிக்குள் அந்த ரெண்டு மஞ்சள் வெளிச்சத்தை வைத்து மேலேறினோம். உச்சியில் ஒரு கடையில் சாமைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே, "இங்க பஸ்ஸே வராது, பாத்தியா" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த நிறைவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் பாயிண்ட்டும் ஒரு நாள் வந்தது. மழை விட்ட வாரம், வடக்குப்பட்டுப் பக்கம் ஏரி உள்வாயில் இறக்கினோம். ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் சுற்ற, மற்றது சேற்றில் அசையாமல் நின்றது. "டாப் எண்டா இருந்தா ஒரு பட்டன அமுக்கிட்டு போய்க்கினே இருப்போம்" என்றேன். நீ இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகி, ரெண்டு கை நிறைய வேலிக்கருவை மிலாறுக் குச்சி கொண்டுவந்து சக்கரத்துக்குக் கீழே திணித்தாய். முழங்கையெல்லாம் முள் கீறல். வண்டி ஏறி வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "லாக்கு மட்டும் இர்ந்தா நல்லாத்தான் இர்ந்திருக்கும்" என்றாய். ஜீப் வாங்கிய பிறகு நீ விட்டுக்கொடுத்த ஒரே இடம் அதுதான். அதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை.

ஸ்பீக்கர் வந்தபோது கூடவே பெரிய ஸ்க்ரீன் வைத்த செட்டும் வந்தது. பாட்டு கேட்க எதற்கடி ஸ்க்ரீன் என்று கத்தினேன். "மேப்பு பாக்க" என்றாய். ரெண்டாவது வயரும் மூடியது. பின்னால் பார்க்கக் கேமரா போட்டால் என் கழுத்துக்கு உதவும், டாப் எண்டில் அது கம்பெனியிலேயே வருகிறது என்று நான் இழுத்தபோதெல்லாம், "நான் ஒருத்தி கீறேன்ல? அப்பறம் பாத்துக்கலாம்" என்பாய். உண்மையில் நீதான் என் கேமரா. வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டிய இடமெல்லாம் இறங்கி நிற்பாய். கேட்டோ, மலை வளைவோ, கோயில் வாசலோ, உன் குரல் ஒன்றுதான். "வா... வா... ஒடிச்சு வா... வா... போதும்." அந்தப் 'போதும்' வந்ததும் பிரேக்கை அழுத்துவேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ரெண்டு வருஷம் முன்னால் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாய். பன்னிரண்டாம் நாள் நான் தனியாக வண்டி ஓட்டி வந்தேன். அதைப் பற்றி எழுத இப்போது விருப்பம் இல்லை.

அதற்குப் பிறகு பின்னால் எடுத்தால் இடி. கேட் தூண் ரெண்டு தடவை. போன மாதம் எதிர்வீட்டு அம்மாவின் சைக்கிள். நிறுத்தி வைத்த சைக்கிள்தான், சக்கரம் அப்பளமாக நொறுங்கியது. புதுசு வாங்கிக் கொடுத்தேன், அவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெங்களூரில் இருக்கும் ஜெனி விடவில்லை. "சைக்கிள்ல ஆள் இருந்திருந்தா? கேமரா இருக்கற வண்டியா மாத்துப்பா. இல்லன்னா சாவியக் குடுத்துட்டு பஸ்ல போ" என்றாள். கேமரா கடையில் கேட்டதற்கு, உள்ளே வீட்டில் கட்டிய வயரிங் இருக்கிறது, அதைப் பிரித்துப் போட்டால்தான் கை வைப்போம் என்றார்கள். எப்படிப் பார்த்தாலும் நீ கட்டியது வெளியே வர வேண்டும். ஜெனி சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் சரி என்றேன். சரி என்றதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படித்தான் இன்று உன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுந்து, மியூசிக் செட்டைக் கழற்றி வெளியே இழுத்தேன். அதன் முதுகில் உன் வயர்கள் வரிசையாகச் செருகியிருந்தன. அதில் ஒன்று பாட்டு வயர் இல்லை. மஞ்சள் முனை. எதில் போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனேன். டேஷ்போர்டுக்கு அடியில் அது அந்த 'ஸ்பேர்' வயரோடு சேர்ந்தது. கதவு ஓரப் பட்டியைக் கழற்றினேன், ஓடியது. பின்சீட்டுக்கு அடியில் ஓடியது. பின்கதவின் உள்தகட்டைக் கழற்ற எனக்கு முக்கால் மணி நேரமும் ரெண்டு கிளிப்பும் செலவாயிற்று. உள்ளே, நம்பர் பிளேட் விளக்குக்குப் பக்கத்தில், மடித்து ஒட்டிய நுனி. அதில் காது. பக்கத்திலேயே ஒரு சின்ன வயர் ரிவர்ஸ் விளக்கிலிருந்து இழுத்துத் தயாராகக் கட்டியிருந்தது.

கேமராவுக்குப் போட்டது. கட்டில் மேல் பலகை கிடந்த நாளிலேயே போட்டிருக்கிறாய். நான் கேட்க ஆரம்பித்ததே அதற்கு எவ்வளவோ பிற்பாடு. அந்த ஸ்க்ரீன் எதற்கு என்று அப்போது கத்தினேனே, என்னை என்னவென்று சொல்வது. அதே இடத்தில், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அழுதேன். எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து, "இன்னாண்ணா, அடிபட்டுச்சா?" என்றார். இல்லம்மா, ஒன்றுமில்லை என்றேன்.

மத்தியானத்துக்கு முன்பே பூந்தமல்லி போய் ஒரு கேமரா வாங்கி வந்தேன். மாட்டிக் கொடுக்கவா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம், வயர் எல்லாம் போட்டிருக்கிறது என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். காதைப் பிடித்து இழுத்தேன். நகம் உடையாமல் டேப் வந்தது. மஞ்சள் முனையை மஞ்சளில், சிவப்பை சிவப்பில். ரெண்டு போல்ட். முதல் தடவை ரிவர்ஸ் கியர் போட்டபோது ஸ்க்ரீன் இருட்டாகவே இருந்தது. எங்கே குறை என்று தேடினேன், அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஒரு முனை சரியாக அழுந்தவில்லை. அழுத்தினேன். நம் கேட், தூண், அதில் நான் இடித்த ரெண்டு வடு, எல்லாம் ஸ்க்ரீனில் வந்தன.

ஷோரூமுக்கு போன் செய்து வர வேண்டாம் என்றேன். ஜெனிக்கு வீடியோ அனுப்பினேன். பிறகு கூப்பிட்டாள். "அந்த டேப்ப நான்தாம்பா கட் பண்ணிக் குடுத்தேன்" என்றாள். வைக்கும்போது, பொங்கலுக்கு வருகிறேன், ஜவ்வாது மலைக்கு என்னையும் கூட்டிப் போ என்றாள்.

சாயங்காலம் வண்டியை வெளியே எடுத்து, ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து, பின்பக்கமாகவே கேட்டுக்குள் விட்டேன். தூணுக்கு ஒரு முழம் தள்ளி அழகாக வந்து நின்றது. கேமராதான் வழி காட்டியது. ஆனாலும் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கி வைத்திருந்தேன். இனிமேலும் அப்படித்தான் ஓட்டுவேன். குரல் கேட்காது என்று தெரியும். இறக்கி வைப்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

பின்கதவுத் தகட்டைத் திரும்ப மூடுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. வயரை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரு தடவை பார்த்தேன், குழிக்குள் நின்று பார்க்கிற மாதிரி, எந்தச் சலுகையும் காட்டாமல். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் குறை இல்லை. மூன்று பாயிண்ட்டும் மூடியாயிற்று. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நீ சுற்றிய டேப்பின் மேல் மஞ்சளாக ஒரு கோடு இழுத்தேன். நுனியில் வால் தானாக விழுந்தது. நல்லா செஞ்சிருக்கடி.